ஓட்டத்தின் நடுவே ஊர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்பகுதியில் விடியற்காலையில் ஓடும் சிறிய குழு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தின் நடுவே ஊருக்கு ஒரு வேலையும் செய்துவிட்டு வீடு திரும்புவோம். புதிதாக வருகிறவர்களும், தங்கள் ஊரில் இப்படியொன்றை ஆரம்பிக்க நினைக்கிறவர்களும் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில விஷயங்களில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அங்கெல்லாம் எழுதுகிற என் கருத்துதான் முன்னால் நிற்கும்; குழுவினர் பொறுத்துக்கொள்ளவும்.

ஓடுவதற்கும் ஊர் வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டம் தனி, சேவை தனி என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டக் குழுக்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அதை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. மழையோ வெயிலோ, வாரா வாரம் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே தெரு முனையில் வந்து நிற்பார்கள். ஊர்ப் பொதுவேலைகளுக்கு இல்லாமல் போவது இதுதான். மரம் நடும் விழாவுக்கு ஆள் கிடைக்கும். நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் கிடைக்காது. ஓட்டக்காரர்கள் எப்படியும் அந்த வழியாகத்தான் போகப்போகிறார்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால் போதும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

ஊர் கூடி வேலை செய்வது நமக்குப் புதிதில்லை. ஏரிக்கரையையும் வாய்க்காலையும் ஊரார் சேர்ந்து பராமரித்த குடிமராமத்து பற்றி எல்லோருக்கும் தெரியும். ஓட்டத்தோடு அதை முறையாக இணைத்தது லண்டன்காரர்கள். கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் பகுதியில் ஐவோ கோர்ம்லி என்பவர் 2000-களின் இறுதியில் ‘குட்ஜிம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். உடற்பயிற்சிக் கூடத்தில் இயந்திரத்தின் மேல் வீணாகும் உழைப்பை வெளியே கொண்டுவரலாமே என்பதுதான் அவர் எண்ணம். வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஒரு பெரியவருக்கு ஓடிப் போய் நாளிதழ் கொடுத்துவிட்டு வருவதில் ஆரம்பித்தது. இன்று பிரிட்டனின் பல நகரங்களில் நடக்கிறது. குழுவாக ஓடிப் போய்த் தோட்டம் கொத்துவது, உணவு வங்கியில் பொருள் பிரித்து அடுக்குவது ஒரு வகை. தனியாக இருக்கும் முதியவருக்கு வீட்டில் ஒரு கட்டிலை நகர்த்திக் கொடுப்பது போன்ற ஒருமுறை உதவி இன்னொரு வகை. வாரந்தோறும் ஒரே முதியவரை ஓடிப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில் முதியவரைத்தான் ‘பயிற்சியாளர்’ என்கிறார்கள். அவர் காத்திருப்பார் என்பதால்தானே இவர் சோம்பல் படாமல் ஓடுகிறார்!

குப்பை பொறுக்கிக்கொண்டே ஓடும் ‘பிளாக்கிங்’ ஸ்வீடன் சரக்கு. ஸ்டாக்ஹோமில் 2016-இல் எரிக் ஆல்ஸ்ட்ரோம் அதைப் பிரபலமாக்கினார். 2019 அக்டோபரில் பிரதமர் மோடி மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கிய காணொளி வந்த பிறகு இங்கே பட்டிதொட்டியெங்கும் அந்தச் சொல் பரவிவிட்டது.

‘பார்க்ரன்’ இதே வகைதானா என்றும் கேட்கிறார்கள். இல்லை. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடியதில் தொடங்கிய சனிக்கிழமை 5 கி.மீ. ஓட்டம் அது. நேரம் குறிப்பது, வழிகாட்டி நிற்பது என எல்லாமே தன்னார்வலர்கள்தான். அங்கே சேவை ஓட்டத்துக்காக. இங்கே ஓட்டம் சேவைக்காக.

நான் இதுவரை ஓடியதே இல்லை. வரலாமா?

வாருங்கள். போக இரண்டு மூன்று கிலோமீட்டர், வர அதே அளவு. நடந்தும் வரலாம். கடைசி ஆளோடு ஒருவர் எப்போதும் இருப்பார். வேலை நடக்கும் இடத்துக்கு நேராக சைக்கிளில் வந்து சேர்கிறவர்களும் உண்டு. முழங்கால் தேய்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆட்டோவில் வந்து இறங்குவார். அவர் வந்தால்தான் வேலையே ஒழுங்காக நடக்கும்.

ஒரு ஞாயிறு எப்படிப் போகும்?

5:15-க்குக் கூடுவோம். 5:30-க்குக் கிளம்பிவிடுவோம், யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பேசிக்கொண்டே ஓடும் வேகம். யாராவது பேச்சை நிறுத்திவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஆறு மணிக்கு முன்பே வேலை இடம் வந்துவிடும். அங்கே 40, 45 நிமிடம். பிறகு தண்ணீர், திரும்ப ஓட்டம், டீக்கடை.

வேலை நடுவில் இருப்பது முக்கியம். முதலிலேயே வேலையை வைத்தால் இடுப்பு பிடித்துக்கொண்டு பலர் ஓடுவதில்லை. கடைசியில் வைத்தால் ‘வீட்டில் வேலை இருக்கு’ என்று பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். நடுவில் வைத்தால் நழுவினாலும் ஓடித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

சென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மார்ச்சுக்குப் பிறகு ஏழு மணி வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் தலை சுற்றும். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயவே காயாது, உடல் சூடு இறங்காது. ஆகவே வேலை நிழலில் இருக்க வேண்டும், அல்லது ஏழுக்குள் முடிய வேண்டும். மோர் கொண்டுவரும் ஆள் யார் என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிடுவோம். உப்பு போட்ட மோருக்கு ஈடாக எந்தப் பாட்டில் பானத்தையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

என்ன மாதிரி வேலைகளை எடுத்துக்கொள்கிறீர்கள்?

ஒரு வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் சில விஷயங்களைப் பார்ப்போம். முக்கால் மணியில் முடியுமா? நிறைய கைகள் தேவைப்படுகிறதா? கனமான கருவி இல்லாமல் செய்ய முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வேலை வேண்டும் என்று கேட்டது யார்? நாங்களே போய் ‘உங்கள் பள்ளிச் சுவரில் படம் வரைகிறோம்’ என்று நிற்பதில்லை. தலைமை ஆசிரியை ‘பழைய பெஞ்சுகளை மாடியிலிருந்து கீழே இறக்கிக் கொடுத்தால் போதும்’ என்றால் அதைத்தான் செய்வோம். பெஞ்சு தூக்குவது படத்தில் அழகாக இருக்காது. ஆனால் பள்ளிக்குத் தேவை அதுதான்.

எங்களுக்கு மிகவும் பொருந்திவந்த வேலை மரத்திலிருந்து ஆணி பிடுங்குவது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டக் குழுவுக்கென்றே அமைந்த வேலை அது. மரம் மரமாக நகர வேண்டும். கருவிகள் இடுப்புப் பையில் அடங்கும். ஒரு தெருவை முடித்துவிட்டால் முடிந்தது கண்ணுக்குத் தெரியும்.

டியூஷன், போர்வெல், வீடு மாற்றித் தருகிறோம் என்று தகர அட்டைகளை மரத்தில் அடித்துவைத்திருப்பார்கள். அட்டை போன பிறகும் ஆணி இருக்கும். ஒரு தூங்குமூஞ்சி மரத்தை ஒரு சுற்று கையால் தடவிப் பாருங்கள், எத்தனை தட்டுப்படுகிறதென்று. பிடுங்குவதற்கு நகம் வைத்த சுத்தியலும் கட்டிங் பிளேயரும் போதும். சுத்தியலை நேராகப் பட்டையில் அழுத்தி நெம்பாதீர்கள், பட்டை நசுங்கும். இடையில் ஒரு மரத்துண்டு வையுங்கள். துருப்பிடித்த ஆணியை நேராக இழுத்தால் தலை மட்டும் உடைந்து வரும். முதலில் இடவலமாக மெதுவாகத் திருகி அசைத்துவிட்டு இழுத்தால் முழுதாக வரும். பட்டை வளர்ந்து ஆணியை மூடிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். தோண்டி எடுப்பது ஆணியைவிடப் பெரிய காயம். பிடுங்கிய இடத்தில் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள் பலர்; நாங்களும் பூசுகிறோம். சீரியல் விளக்கு, கேபிள் வயர் சுற்றியிருக்கும் மரத்தைத் தொடவே கூடாது. சாலையோர மரங்கள் மாநகராட்சிக்குச் சொந்தம் என்பதால் பூங்காத் துறைக்குச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. ‘என் போர்டை எதுக்கு எடுத்தீங்க?’ என்று சண்டைக்கு வருகிறவரிடம் காட்ட ஒரு கடிதம் கையில் இருக்கும்.

அடுத்தது கன்றுக்குத் தண்ணீர். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்து நகரத்தின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு எங்கு பார்த்தாலும் கன்று நட்டார்கள். இன்று அவற்றில் எத்தனை மரமாக நிற்கின்றன என்பதை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். மழைக்காலத்தில் நட்ட கன்று பொங்கல் வரை தானாக நிற்கும். மாசி, பங்குனியில்தான் ஆள் வேண்டும். முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். ஓட்டக்காரர்கள் தண்ணீர் சுமக்க முடியாது, சுமக்கவும் வேண்டாம். அந்தத் தெருவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணனிடம் பேசி, இரண்டு பக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டால் போதும். கன்றுக்கு ஒரு பக்கெட். வாரம் ஒருமுறை போதாது என்பதால் வார நாள் ஓட்டத்திலும் ஒரு நாள் அந்த வழியாகப் போவோம். கூண்டுக் கம்பி பட்டையில் அழுந்துகிறதா என்றும் அப்போதே பார்த்துத் தளர்த்திவிடலாம்.

பனை விதை நடவு ஆவணி, புரட்டாசி வேலை. பனம்பழம் விழும் காலம் அது. கடலோர ஊர்களிலும் ஏரிக்கரை உள்ள ஊர்களிலும் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இதைவிட லேசான நடவு கிடையாது. ஒரு முழம் ஆழக் குழி கூட வேண்டாம், அரை அடி, முக்கால் அடி போதும்; விதைக்கு விதை பத்தடி விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி போட வேண்டாம். ஆனால் கரையின் உச்சியில் வண்டிப் பாதையில் நடாதீர்கள். மண் அள்ள வரும் இயந்திரம் முதலில் நசுக்குவது அதைத்தான். நட்ட பின் மேலே எதுவும் தெரியவில்லையே என்று தோண்டியும் பார்க்காதீர்கள். பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும்.

எதற்கு ‘முடியாது’ என்று சொல்வீர்கள்?

சாக்கடைக்குள், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் எந்த வேலைக்கும். நல்ல எண்ணத்தில் கேட்டாலும் சரி. மனிதரைக் கழிவுநீருக்குள் இறக்கும் அவலத்தைத் தடுக்க 2013-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தன்னார்வலர் இறங்கினால் மட்டும் அது சரியாகிவிடாது. ஊசி, மருத்துவக் கழிவு கிடக்கும் இடத்திலும் கை வைப்பதில்லை. படம் எடுத்து மாநகராட்சிக்கு அனுப்பிவிடுவோம். உயரத்தில் ஏறும் வேலை, மின்கம்பம் ஒட்டிய வேலை வேண்டாம். கட்சிக்காரர் பேனரின் கீழ் நடக்கும் வேலையும் வேண்டாம், எந்தக் கட்சியானாலும்.

பிளாக்கிங் செய்தாலே போதாதா? பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டே ஓடினால் வேலை முடிந்ததே?

செய்யலாம், நாங்களும் செய்கிறோம். ஆனால் அது எளிதில் சலித்துப் போகும். ஞாயிறு காலை பொறுக்கிய இடத்தில் ஞாயிறு மாலையே சோளப்பொரி கவரும் டம்ளரும் கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. நாம் பொறுக்கும் பையில் பாதிக்கு மேல் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளவையாகத்தான் இருக்கும். ஆகவே பொறுக்குவதோடு நிறுத்தாமல், என்ன கிடைத்தது என்று வகைவாரியாக எழுதி வார்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எந்தக் கடை வரிசையின் முன்னால் எது குவிகிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்று: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988-லிருந்து, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்துவருகிறது. காலால் ஊர்ப்பணி செய்ய நம் நகரத்திலேயே இப்படியொரு பழைய உதாரணம் இருக்கும்போது லண்டனைக் காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். அந்த மாதங்களில் விடியும் முன் மணலில் ஓடாதீர்கள், நெற்றி விளக்கைக் கடற்கரையில் அணைத்துவிடுங்கள், மணலை வாரிச் சமன்படுத்தாதீர்கள். டிராக்டர் சக்கரம் போல மணலில் தடம் தெரிந்தால் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போய் வனத்துறைக்கோ அந்த மாணவர்களுக்கோ சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ஏரி இருக்கிறது. சுத்தம் செய்ய யாரிடம் அனுமதி கேட்பது?

ஏரி யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரி நீர்வளத் துறையின் கையில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நகர எல்லைக்குள் மாநகராட்சியோ நகராட்சியோ வைத்திருக்கலாம். கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை. வாயால் கேட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரு பக்க மனு, ஒரு ஒப்புகைச் சீட்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரையும், அங்கே மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருந்தால் அவரையும் பார்த்துப் பேசிவிடுங்கள். அதிகாரி சம்மதித்தும் குத்தகைதாரர் சம்மதிக்காமல் நின்றுபோன வேலைகள் உண்டு.

சீமைக்கருவேலத்தைப் பிடுங்கலாமா என்றால், ஆசை மட்டும் போதாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும். ஓட்டக் குழுவால் முடிந்தது இளஞ்செடிகளை, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதுதான். அதன் முள் ஓட்டக் காலணியின் மெத்தென்ற அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். அந்த வேலைக்குக் கெட்டியான பழைய ஷூவை வண்டியில் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.

கோவையில் குளங்களைக் காக்க ஞாயிறுதோறும் கூடி வேலை செய்யும் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் புதிதாக ஒன்று ஆரம்பிப்பதைவிட, ஓடிப் போய் அவர்களோடு சேர்ந்துகொள்வது மேல்.

சேர்த்த குப்பையை என்ன செய்வது?

கிளம்பும் முன்பே இதற்கு விடை இருக்க வேண்டும். பத்து மூட்டை கட்டிச் சாலையோரம் வைத்துவிட்டுப் போனால், நாய் கிழித்து மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடும். மட்கும் குப்பை, மட்காத குப்பை என இரண்டு சாக்கு. உடைந்த கண்ணாடிக்குத் தனி டப்பா. முந்தின நாளே வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் சொல்லி வண்டி வரும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் 1913-க்கு அழைத்தும் பதிவு செய்யலாம். பாட்டில், இரும்பு, அட்டை எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. அதில் வரும் காசு எங்களுக்குக் கையுறை வாங்க உதவுகிறது.

இது தூய்மைப் பணியாளர்களின் வேலையில் தலையிடுவது ஆகாதா?

நல்ல கேள்வி. குழுவுக்குள் அதிகம் வாதம் நடப்பதும் இதில்தான். என் பதில்: மாநகராட்சி தினமும் செய்ய வேண்டிய தெருக் கூட்டலை நாம் இலவசமாகச் செய்தால், ஆள் பற்றாக்குறையை மறைக்கத்தான் உதவுகிறோம். அதனால் அவர்கள் பாதையில் இல்லாத இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: புதர் ஓரம், ஏரிக்கரைச் சரிவு, மரப் பட்டை. இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு மணி நேரம் பொறுக்கிவிட்டு முதுகு வலிக்கிறது என்று சொல்லும் நமக்குக் கைதட்டு. எட்டு மணி நேரம் அதையே செய்கிறவருக்குக் கையுறை கூடச் சரியாகக் கிடைப்பதில்லை. அவர்கள் கோரிக்கை வைத்துப் போராடும்போது, நாம் போய்த் தெருக் கூட்டி ‘நகரத்தைக் காப்பாற்றினோம்’ என்று பெருமை பேசக் கூடாது. இது குழுவின் விதி.

ஜனவரியில் மாரத்தான் ஓடப் போகிறேன். இதனால் பயிற்சி கெடுமா?

லாங் ரன்னை ஞாயிறு வைத்திருந்தால் இடிக்கும். சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டு, ஞாயிறைக் கால் தளர்த்தும் மெதுவான ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடிப்பதும் பெஞ்சு தூக்குவதும் ஓட்டக்காரர்கள் வழக்கமாக டிமிக்கி கொடுக்கும் வலிமைப் பயிற்சிதான். ஆனால் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் தூக்கும் வேலை வேண்டாம். வந்து வருகைப் பதிவு எழுதுங்கள், மோர் ஊற்றுங்கள்.

பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் வருவதற்கு முன் போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறை ஆணிக்கும் முள்ளுக்கும் போதாது. தோல் கையுறையோ தடித்த ரப்பரோ வேண்டும். புதருக்குள் கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள். மழைக்குப் பிறகு தேங்கிய நீரில், காலில் புண்ணோ கீறலோ உள்ளவர்கள் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். அப்படி இறங்கியவருக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ‘ஓடிய வலி’ என்று விட்டுவிடாமல், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இருட்டில் ஓடும்போது வெளிர் நிறச் சட்டை, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம், இயர்போன் இல்லாமல்.

தனியாக வசிக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்க்கலாமா?

பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா மட்டும் அடுக்குமாடி வீட்டில் என்ற நிலை நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தேவை இருக்கிறது. ஆனால் கவனமாகச் செய்ய வேண்டியது இது. பிரிட்டனில் இப்படி முதியவரைப் பார்க்கப் போகிறவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள். நாங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் வழியாக, பெரியவரின் மகனோ மகளோ சம்மதித்த பிறகுதான் போகிறோம். எப்போதும் இரண்டு பேராக. சாவி, ஏ.டி.எம். கார்டு, பணம் கைமாறும் எந்த உதவியும் கிடையாது. மாத்திரை வாங்கித் தரலாம், ரசீதோடு.

வியர்வையோடு போய் நிற்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். ‘உட்காரும்மா, காபி குடிச்சிட்டுப் போ’ என்றால் உட்காருங்கள். போனைப் பார்க்காதீர்கள். இரண்டு வாரம் போய்விட்டு நிறுத்துவதாக இருந்தால் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.

பார்வையற்றவரோடு ஓட விருப்பம். எப்படி?

இதற்குத்தான் ஓட்டக்காரர்களே வேண்டும். வேறு யாராலும் முடியாது. இருவர் கையிலும் ஒரு சிறு கயிறு, பக்கத்தில் பக்கமாக ஓட்டம். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. வேகத்தை அவர்தான் முடிவு செய்வார். ‘பத்தடியில் ஸ்பீட் பிரேக்கர்’, ‘இடப்பக்கம் மாடு’ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நம் சாலைகளில் அதுவே முழுநேர வேலை. அவரைவிட நீங்கள் நன்றாக வேகமாக ஓடக்கூடியவராக இருந்தால்தான் பேச மூச்சு மிஞ்சும். பாராலிம்பிக்கில் வழிகாட்டி ஓட்டக்காரருக்கும் பதக்கம் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் கையைப் பிடித்து நூறு மீட்டர் நீங்கள் ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறோம்.

ஓடிப் போய் ரத்த தானம்?

வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. வியர்த்து நீர் வற்றிய உடலோடு ரத்தம் கொடுத்தால் மயக்கம் வரும். ஓடாத நாளில், நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். அடுத்த 24 மணி நேரம் ஓட்டம் கிடையாது. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ரத்தம் கொடுத்த பிறகு சில வாரங்களுக்கு மூச்சு வாங்கும், வேகம் வராது. போட்டி நெருங்கும்போது தள்ளிப் போடுவதில் தப்பில்லை.

விடியற்காலை 5 மணிக்குப் பெண்கள் எப்படி வருவது?

ஒரே பகுதியில் இருப்பவர்கள் சேர்ந்து வருவார்கள். கூடும் இடம் விளக்கு வெளிச்சத்தில், ஆவின் பூத்தோ டீக்கடையோ திறந்திருக்கும் முனையில்தான் இருக்கும். வேலை இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதி சொல்வோம். ஆண்கள் மட்டும் ஏற்பாடு செய்யும் குழுக்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

ஆணிக்கும் முள்ளுக்கும் கூடாது. பனை விதைக்கும் தண்ணீர் ஊற்றவும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கு ஓட்டம் எதற்கு, அவர்கள் சும்மாவே ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கட்டணம் எவ்வளவு? டி-சர்ட் தருவீர்களா?

கட்டணம் இல்லை. டி-சர்ட்டும் இல்லை. ஒரு நிறுவனம் சட்டை அடித்துத் தர முன்வந்தபோது, அந்தப் பணத்தில் நகச் சுத்தியல் வாங்கிக் கொடுங்கள் என்றோம். அதில் லோகோ அச்சடிக்க இடமில்லையாம், திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டில் மாரத்தான்களில் வாங்கிய சட்டை ஒரு அலமாரி நிறைய இருக்கும். அதில் பழையதைப் போட்டு வாருங்கள்.

போட்டோ போடலாமா?

மரத்தை, குழியை, சாக்கு மூட்டையைப் போடுங்கள். உதவி பெறுகிறவரின் முகம் கூடாது. பெரியவர் வீட்டுக்குள் எடுத்த படம் எங்கேயும் வரக் கூடாது, அவரே கேட்டாலொழிய. வேலை முடிவதற்குள் செல்ஃபி எடுக்கிறவர் அன்றைய டீக்கு எல்லோருக்கும் காசு கொடுப்பார்.

எங்கள் ஊரில் ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்?

நாலு பேர் போதும். ஐம்பது பேரோடு ஆரம்பித்த குழுக்கள்தான் சீக்கிரம் நின்றுபோகின்றன. ஐம்பது பேருக்கு வேலை தேடுவதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும், அவர் மூன்றாம் மாதம் களைத்துப்போவார். முதல் மூன்று மாதம் ஒரே இடம், ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டப் பாதையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பள்ளி, ஒரு பூங்கா, ஒரு மர வரிசை. வேலையைத் தேர்வு செய்கிறவரும் ஓட்டத்தை நடத்துகிறவரும் ஒருவராக இருக்க வேண்டாம். முந்தின நாள் ஒருவர் வேலை இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தே ஆக வேண்டும். போனில் ‘எல்லாம் ரெடி சார்’ என்பதை நம்பி இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மழை பெய்தால்?

தூறலுக்கு நிறுத்துவதில்லை. இடி மின்னல் என்றால் கிடையாது, மரத்தடி வேலையும் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் ஊற்றும் வேலை இருக்காது. அந்த மாதங்களில், போன கோடையில் பட்டுப்போன கன்றுகளின் இடத்தைக் குறித்துவைத்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவோம், மறுநடவுக்கு. காலையில் மழை எப்படியிருக்கிறது என்பதை 4:45-க்குள் குழுவில் சொல்லிவிடுவோம். அதற்கு மேல் செய்தி வரவில்லை என்றால் ஓட்டம் உண்டு.